கோடு வரைக்கும் எண்ணெய்

1924ஆம் ஆண்டு மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். வெந்நீரில் முகம் கழுவி, திருநீறு பூசி, பால் ஊற்றாத தேநீர் ஒரு கோப்பை குடித்தேன். எங்கள் தோட்டத்தில் தேயிலைக்குப் பஞ்சம் இல்லை, பாலுக்குத்தான் பஞ்சம். மழைமானியில் ஒரு சொட்டும் இல்லை. தப்புச் சத்தம் கேட்டதும் தொப்பியை எடுத்துக்கொண்டு பெரட்டுக் களத்துக்குப் போனேன். இவ்வளவும் அன்றைய நாட்குறிப்பில் இருக்கிறது. பிறகு நடந்ததில் பாதியை அன்று எழுத நேரம் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

இலங்கை மலைநாட்டில், ஹல்துமுல்லைக்கு மேலே, அப்புத்தளைக்கு ஏறும் சரிவில் இருந்த ஒரு தோட்டத்தில் நான் அப்போது பெரிய கிளாக்கர். துரை சொல்வதைக் கேட்டு, கீழே சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்வது என் வேலையில் முக்கால் பங்கு. மிச்சம் எழுத்து வேலை.

பெரட்டில் உத்தரவு எப்படி இறங்கும் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்க விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்துவதுதான் பெரட்டு. இன்றைக்கு ஆளுக்குப் பதினாறு ராத்தல் கொழுந்து என்று துரை கணக்கப்பிள்ளையிடம் சொல்வார். கணக்கப்பிள்ளை தன் தலை தப்ப வேண்டுமே என்று கங்காணியிடம் பதினெட்டு என்பார். கங்காணிக்கும் தலை உண்டு. அவர் பெண்களிடம் இருபது என்பார். பெண்கள் இருபது என்று காதில் வாங்கி, உத்தரவு இறங்கி வந்த வழியில் சேர்ந்ததையெல்லாம் மனத்துக்குள் கழித்து, பதினாறு ராத்தல் பறித்துக் கொண்டுவந்து கொட்டுவார்கள். துரைக்குத் திருப்தி. பல வருடங்களாக இதைப் பார்த்தேன். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லாரும் ஒரு பிடி சேர்த்துச் சொன்னார்கள், கடைசியில் நிற்பவர்களுக்குக் கழிக்கத் தெரிந்திருந்தது. தோட்டம் அப்படித்தான் ஓடியது.

கழிக்கத் தெரியாத ஒருவர் தோட்டத்தில் இருந்தார். அவர் துரையின் குதிரைக்காரர். பங்களா ஆள் என்பதால் ஒரு நாளும் பெரட்டில் நின்றதில்லை. ஐந்து என்றால் ஐந்து மணிக்குக் குதிரை சேணத்தோடு வாசலில் நிற்கும். அந்த வருடம் தைப் பொங்கலுக்குப் பிறகு துரை குதிரையை விற்றுவிட்டு, கொழும்பிலிருந்து ஒரு கார் வாங்கி வந்தார். இரண்டே பேர் உட்காரக்கூடிய பந்தயக் கார். தரையிலிருந்து ஒரு முழ உயரம்தான் இருக்கும். முன்மூடிக்குத் தோல்வார் கட்டியிருக்கும், சக்கரத்துக்குக் கம்பி பின்னியிருக்கும், குண்டு வெடித்ததுபோல் சத்தம் போடும். குதிரை நின்ற கொட்டிலிலேயே அதை நிறுத்தினார்கள். அதைக் காண பதுளையிலிருந்து துரைமார் வந்து போனார்கள்.

குதிரைக்காரரைக் கூப்பிட்டுத் துரை ஒரு தவணை கொடுத்தார். மார்ச் மாத முடிவு வரை காரைக் கழுவி, துடைத்து, கூடப் போய் வர வேண்டும். ஒரு தடவையாவது கார் வழியில் நின்றால் கொழும்பிலிருந்து டிரைவர் வருவார், இவர் போகலாம். போகலாம் என்றால் எங்கே என்பதுதான் கேள்வி. எந்தக் கங்காணியின் கீழும் அவர் பெயர் இல்லை, எந்தக் கூலி லயத்திலும் அவருக்கு அறை இல்லை. குதிரைக் கொட்டிலுக்குப் பின்னால் ஒட்டிக் கட்டிய அறையில் மனைவியோடும் மூன்று பெண் பிள்ளைகளோடும் இருந்தார். ஆபீசுப் பேர்ப் புத்தகத்தில் பெயர் வெட்டப்பட்டால் அன்றோடு அரிசியும் இல்லை, அந்த அறையும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத் துரை ஆபீசுக்கு வந்தார். கையில் எஞ்சின் எண்ணெய் அளக்கும், கோடு போட்ட கம்பி இருந்தது.

"கிளாக்கர், கார் எண்ணை கொறைச்சல். கோடு வரைக்கும் போடு சொல்லு. பத்தரைக்கு நான் போறது. வி.ஏ. துரை டேசன்ல வரும்."

வி.ஏ. என்பவர் கம்பெனிக்காகத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து எழுதுகிற பெரிய துரை. அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் எங்கள் துரையின் முகம் அடுத்த ஆறு மாதம் எப்படி இருக்கும் என்பது. அவரை அப்புத்தளை ஸ்டேசனிலிருந்து புதுக் காரில் அழைத்துவர வேண்டும் என்பது துரையின் ஆசை.

எண்ணெய் இருந்தது ஃபாக்டரிக் களஞ்சியத்தில். சாவி, ஃபாக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரிடம். அவரிடம் போய், "காருக்கு எண்ணெ போடணுமாம். கோட்டுக்குக் குறையாமப் பார்த்துக்கச் சொல்லுங்க" என்றேன். துரை சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றுதான் என்பது அன்றும் என் கருத்து, இன்றும் அதே.

"குறைஞ்சாத்தானே வம்பு. நான் பார்த்துக்கிறேன்" என்றார் டீமேக்கர்.

அவர் பார்த்துக்கொண்ட விதத்தை நான் வாசலில் நின்று கேட்டேன். குதிரைக்காரரை அழைத்து, ஒரு கேலன் டின்னைக் கையில் கொடுத்து, "கோட்டுக்கு மேலே நல்லா ஏறி நிக்கட்டும்ப்பா. வி.ஏ. தொரை வர்ற நாளு. பாதி வழியில எண்ணெ தீந்து நின்னுச்சுன்னா என்னையக் கேக்கக் கூடாது" என்றார்.

"எம்புட்டுங்க ஏறணும்?"

"உன் வேலை நிக்கணுமா, வேணாமா?"

"நிக்கணுங்க."

"அப்ப ஊத்து."

பெரட்டில் நின்று பழகிய ஆளாக இருந்தால் டின்னை வாங்கிக்கொண்டு போய்க் கால் டின்னோடு நிறுத்தியிருப்பார். இவர் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துப் பிடித்து ஊற்றினார். பிறகு கம்பியை விட்டு எடுத்துப் பார்த்தார். கோடு எங்கே இருக்கிறது என்றே தெரியாத அளவுக்குக் கம்பி நனைந்திருந்தது. என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி. எண்ணெய் குறைந்தால் எஞ்சின் செத்துப்போகும் என்று துரை அவருக்குப் பல முறை சொல்லியிருந்தார். கூடினால் என்ன ஆகும் என்று ஒருவரும் சொன்னதில்லை. எங்கள் தோட்டத்தில் அதுவரை எதுவுமே தேவைக்கு மேல் இருந்ததில்லை, ஆகவே அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றவில்லை.

பத்தரைக்குத் துரை கண்ணாடிக் கவசமும் வெள்ளைக் கோட்டுமாக வந்து ஏறினார். குதிரைக்காரர் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றினார். எஞ்சின் பிடித்தது. பின்னாலிருந்த குழாயிலிருந்து முதலில் ஒரு கனைப்பு, பிறகு நீலப் புகை. நான் பார்த்தேன், டீமேக்கர் பார்த்தார். துரை முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். குதிரைக்காரர் தாவி அவர் பக்கத்தில் உட்கார, கார் புறப்பட்டது.

எங்கள் ஆபீசு வராந்தாவில் நின்றால் சாலை மலையில் வளைந்து வளைந்து ஏறுவது முழுவதும் தெரியும். கார் தெரியவில்லை. புகை தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் அது கொஞ்சம் கனத்து, தேயிலைச் செடிகளின் மேல் படுத்து, எழுந்து, அடுத்த வளைவுக்குப் போயிற்று. மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்துவதும் தெரிந்தது. அப்புறம் எஞ்சின் விட்டு விட்டு வெடித்தது. அப்புறம் சத்தம் நின்றது. புகை மட்டும் அந்த இடத்திலேயே சிறிது நேரம் நின்றது.

டீமேக்கர் கருவிப் பெட்டியையும் ஒரு வாளியையும் எடுத்துக்கொண்டார். இருவரும் ஏறினோம். குறுக்கு வழியில் பெண்களின் நிரையைக் கடக்கும்போது அவர்கள் பேச்சு காதில் விழுந்தது.

"தூத்துக்குடியில இருந்து நாம வந்த கப்பலு கூட இம்புட்டுப் பொகை விடலடி."

"அது கரை சேந்துச்சு. இது சேருமான்னு பாரு."

"வாயப் பொத்திக்கிட்டுக் கொழுந்தப் பாருங்க" என்றார் கங்காணி.

"பொகைக்குப் பொத்துறதா, ஒங்களுக்குப் பொத்துறதா, கங்காணியாரே? ஒண்ணச் சொல்லுங்க."

மேல் வளைவில் சாலை கொஞ்ச தூரம் மட்டமாக ஓடும். கார் அங்கே நின்றது. துரையின் வெள்ளைக் கோட்டில் கறுப்புப் புள்ளிகள். எஞ்சினிலிருந்து கழற்றிய பிளக் ஒன்றைக் கையில் பிடித்திருந்தார். அது எண்ணெயில் ஊறி, ஊறுகாய்ச் சாடியிலிருந்து எடுத்ததுபோல் இருந்தது.

"யார் எண்ணை போட்டது?"

"நாந்தாங்க, தொரை" என்றார் குதிரைக்காரர்.

"எவ்வளவு?"

"ஒரு டின்னுங்க."

"யார் சொன்னது ஒரு டின்?"

குதிரைக்காரர் டீமேக்கரைப் பார்த்தார். டீமேக்கர் என்னைப் பார்த்தார். நான் துரையைப் பார்த்தேன். உத்தரவு இறங்கிய அதே வரிசையில் பழி ஏறி வந்து நின்றதைத் துரையும் கவனித்திருக்க வேண்டும்.

"கோடு வரை என்று தாங்கள் சொன்னீர்கள். கோட்டுக்குக் குறையாமல் என்று நான் சொன்னேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"கோட்டுக்கு மேலே நிக்கட்டும்னு நான் சொன்னேங்க. டின்னோட ஊத்துன்னு நான் சொல்லல" என்றார் டீமேக்கர்.

குதிரைக்காரருக்குக் கீழே கைகாட்ட ஆள் இல்லை.

துரை தானே கோட்டைக் கழற்றிவிட்டுக் காருக்கு அடியில் படுத்தார். அடித் திருகைத் தளர்த்தி, வாளியில் எண்ணெயை இறக்கினார். கம்பியை விட்டு விட்டுப் பார்த்து, சரியாகக் கோட்டில் வந்ததும் திருகை இறுக்கினார். கம்பியை எங்கள் மூவர் மூக்குக்கும் முன்னால் நீட்டி, "இது கோடு. பாத்துக்கோ. இதுதான் கோடு" என்றார். பிளக்குகளைப் பெட்ரோலில் கழுவித் துடைத்து மாட்டும் வேலை நடந்துகொண்டிருக்கும்போது, மேலே சாலையில் ஒரு லாரி வரும் சத்தம் கேட்டது.

அது பண்டாரவளையில் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியின் அரிசி லாரி. எங்கள் தோட்டத்துக்கு மாத அரிசி கொண்டுவருவது. முன்னால் முதலாளி உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில், மடியில் தோல்பையோடு, வி.ஏ. துரை.

"டேசன் வாசல்ல வெயில்ல நின்னாரு தொர. எந்தத் தோட்டம்னு கேட்டேன், நம்ம தோட்டம்னாரு. ஏத்திக்கிட்டு வந்துட்டேன். குத்தமில்லையே?" என்றார் முதலாளி.

குற்றமில்லை என்று எங்கள் துரை சொன்னார். வி.ஏ. துரை இறங்கிக் காருக்கு மாற மறுத்துவிட்டார். லாரியின் உயரத்திலிருந்து பார்க்கும்போதுதான் இந்தச் சாலையின் மதகுகள் எவ்வளவு மோசம் என்று தெரிகிறது, இனி எல்லாத் தோட்டத்துக்கும் அரிசியோடுதான் வர வேண்டும் என்றார். லாரி முன்னால் போயிற்று. கார் புகையில்லாமல் பின்னால் போயிற்று.

கொட்டிலில் காரை விட்டுவிட்டுத் துரை ஆபீசு ஜன்னலருகே வந்தார். "கிளாக்கர், அவன் பேரு வெட்டு. கொழும்புக்குக் கடுதாசி எழுது. நல்ல டிரைவர் ஒண்ணு அனுப்பச் சொல்லு."

பெயர் வெட்டுவதை நான் சாயங்காலத்தில் செய்வதில்லை. காலைப் பெரட்டு முடிந்து, அன்றைய ஆட்களை எண்ணிய பிறகுதான் செய்வேன். ஒழுங்கு என்று வைத்துக்கொண்டால் அதற்கு ஒரு காரணம் வேண்டியதில்லை. ஆனால் அன்று அந்த ஒழுங்கால் ஒரு ராத்திரி மிச்சப்பட்டது.

நான்கு மணிக்கு நானும் டீமேக்கரும் கொட்டிலுக்குப் போனோம். களஞ்சியத்து டின்னை வாங்கி வைக்க வேண்டியிருந்தது. பின்னறையில் குதிரைக்காரரின் மனைவி சட்டி பானைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் அடுக்குவதை நிறுத்தவில்லை. குதிரைக்காரர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாளைக்குப் போகப்போகிற ஆள் துடைக்கிற துடைப்பாக அது இல்லை.

"கடைசியா ஒருக்க அளந்து காட்டிட்டு ஒப்படைச்சிர்றேங்க" என்று கம்பியைத் துடைத்து, விட்டு எடுத்தார். அவர் முகம் மாறியது. "ஐயா, மறுபடியும் கொறைஞ்சிருக்கே. ஊத்தவாங்க?"

"தொடாதே" என்று டீமேக்கரும் நானும் சேர்ந்தே சொன்னோம்.

கம்பியை வாங்கிப் பார்த்தேன். எண்ணெய் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது. மதியம்தான் துரை எங்கள் மூக்குக்கு முன்னால் கோட்டைக் காட்டியிருந்தார்.

"ஒழுகுது" என்றார் டீமேக்கர். குனிந்து பார்த்தோம். காருக்குக் கீழே தரை உலர்ந்திருந்தது. ஆனால் குனிந்த நிலையில் எனக்கு வேறொன்று தெரிந்தது. வாசல் ஓரத்தில், பழைய குதிரை மூத்திரக் கால்வாய். குதிரைக் கொட்டிலின் தரை எப்போதும் சாய்வாகத்தான் போடுவார்கள். தீனித் தொட்டிப் பக்கம் உயரம், வாசல் பக்கம் பள்ளம். ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, காரின் மூக்குக்கு அடியில் ஊற்றினேன். தண்ணீர் யாரையும் கேட்காமல் காரின் அடியில் நீளமாக ஓடிக் கால்வாயில் விழுந்தது.

கார் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. எண்ணெய் பின்பக்கம் ஒதுங்கியிருந்தது. கம்பி விடுகிற துவாரமோ முன்பக்கம். இந்த இடத்தில் அளந்தால் எண்ணெய் எப்போதும் குறைவாகத்தான் தெரியும். காலையிலும் துரை அளந்தது இதே இடத்தில், இதே கம்பியால். ஆக, காலையில் எண்ணெய் குறையவே இல்லை.

கம்பியைத் துடைத்து அதன் இடத்தில் செருகினேன்.

"இதை யாரு போய்ச் சொல்றது?" என்றார் டீமேக்கர்.

"நீங்கதான் எண்ணெய்க்குப் பொறுப்பு."

"நான் சொன்னா அப்படியே வந்துரும், ஐயா. ஒங்க வாயில வந்தா மெதுவா வரும்."

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. எங்கள் தோட்டத்தில் உத்தரவு இறங்க இறங்கப் பெருக்கும், சேதி ஏற ஏறச் சிறுக்கும். போன மாரியில் ஒரு மலைச்சரிவு அரை ஏக்கர் செடியோடு இறங்கி ஆற்றில் விழுந்தது. மண் சரிந்தது என்றார் கங்காணி. கொஞ்சம் மண் உதிர்ந்தது என்றார் கணக்கப்பிள்ளை. மழை நன்றாகப் பெய்தது என்று நான் துரையிடம் சொன்னேன். இந்தச் சேதியையும் அப்படித்தான் கொண்டுபோக வேண்டும். ஆனால் வழியில் கரைந்து ஒன்றுமில்லாமல் போகவும் விடக்கூடாது. பின்னறையில் பானைச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்குச் சுத்தமான கோட்டு மாட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். துரையும் வி.ஏ. துரையும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். கொட்டில் தரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அனுமதி கேட்டேன். அந்தத் தரை முந்தைய குதிரையின் வசதிக்காகச் சாய்வாகப் போடப்பட்டது என்றும், அதன் மேல் நிற்கும்போது எந்தக் காரும் தன் எண்ணெயைக் குறைத்துக் காட்டும் என்றும், இன்றைய சங்கடத்துக்கு மூலம் ஒருவகையில் அந்தக் குதிரைதான் என்றும் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னேன்.

வி.ஏ. துரை நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "காலையில் அளந்தது யார்?"

"அளந்தது கொட்டிலில், சார்."

"யார் என்று கேட்டேன்."

"கம்பி நல்ல கம்பி, சார். அதில் குறை இல்லை."

எங்கள் துரை தன் கிளாஸுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். வி.ஏ. துரை அவரை ஒருமுறை பார்த்தார். மூன்றாம் தடவை கேட்கவில்லை. ஆனால் சிரிப்பை அடக்க அவருக்குச் சுருட்டு தேவைப்பட்டது.

"நல்ல குதிரைதான் அது" என்று துரை கடைசியில் சொன்னார். பிறகு என்னிடம் தமிழில், "அவன் இருக்கட்டும். கடுதாசி எழுத வேணாம்" என்றார்.

வெளியே படிக்கட்டில் டீமேக்கர் லாந்தரோடு காத்திருந்தார்.

"என்ன சொன்னாரு?"

"இருக்கட்டும்னு சொன்னார்."

"மாச முடிவு வரைக்குமா, நிலையாவா?"

"இருக்கட்டும்னார். அதுக்கு மேலே ஒரு எழுத்தும் நான் சேர்க்கமாட்டேன்."

"நீங்க சேர்க்க வேணாம், ஐயா" என்று சொல்லிவிட்டு அவர் கொட்டில் பக்கம் இறங்கினார். நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தேன்.

மறுநாள், பெரட்டுக்குத் தப்பு அடிப்பதற்கு முன்பே பங்களாவிலிருந்து ஆள் வந்து என்னை அழைத்தார். ஓடினேன். பங்களா வாசலில், மட்டமான இடத்தில் கார் நின்றது. முன்மூடியில் சந்தனப் பொட்டு, விளக்குகளுக்கு நடுவே செவ்வந்தி மாலை. பக்கத்தில் குதிரைக்காரர், வெள்ளைத் தலைப்பாகையோடு. பின்னால் அவர் மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும், தட்டில் தேங்காய் வெற்றிலையோடு. படியில் இரவு உடுப்போடு துரைமார் இருவரும்.

என்ன பண்டிகை என்று வி.ஏ. துரை என்னைக் கேட்டார். நான் குதிரைக்காரரைக் கேட்டேன்.

"தொரை என்னைய நிலையான டிரைவராப் போட்டுட்டாருன்னு டீமேக்கர் ஐயா சொன்னாருங்க. கும்புட்டுட்டுப் போவோம்னு வந்தோம்."

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வி.ஏ. துரை இறங்கி வந்து எங்கள் துரையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நேற்று நடந்த பிறகும் ஒரு பழைய வேலைக்காரனை இப்படி நடத்துகிற துரைமாரை இந்த மாகாணத்தில் அதிகம் பார்த்ததில்லை, இதை எழுதுவேன் என்றார்.

எங்கள் துரை டீமேக்கரைத் தேடினார். டீமேக்கர் ஃபாக்டரியில் இருந்தார். துரை மாலையைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். "ஆமா" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "எழுதிடு" என்றார்.

ஆகவே அந்தப் புதன்கிழமை காலை நான் முதலில் செய்த வேலை, ஆபீசைத் திறந்து, நின்றபடியே பேனாவை மையில் தொட்டு, பேர்ப் புத்தகத்தில் குதிரைக்காரன் என்றிருந்ததைக் கோடு போட்டு அடித்து, மேலே டிரைவர் என்று எழுதியது.